அந்தோனிமுத்துவுக்குப் போன் இல்லை

இலங்கை மலையகத்து ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் யாரையாவது நிறுத்தி அந்தோனிமுத்துவின் போன் நம்பரைக் கேட்டால், கேட்டவர் ஊருக்குப் புதுசு என்று உடனே தெரிந்துகொள்வார்கள். அக்கரப்பத்தனைப் பக்கம் ஓடுகிற தனியார் பஸ் டிரைவர்களில் போன் இல்லாத ஒரே ஆள் அவர்தான். வாங்க வசதி இல்லாமல் அல்ல. அருவருப்பு. பல்லி விழுந்த குழம்புச் சட்டியை ஒருவன் எப்படிப் பார்ப்பானோ அப்படித்தான் அவர் அடுத்தவன் கையிலிருக்கும் போனைப் பார்ப்பார்.

"கக்கூசுக்குப் போறவன் வாளியை மறந்தாலும் மறப்பான், இதை மறக்க மாட்டான்" என்பார். "அங்க குந்திக்கிட்டுத் தடவுனதையே வெளிய வந்து கன்னத்துல ஒட்டிக்கிறான். பிறகு அதே கையால நம்ம கையைப் புடிச்சுக் குலுக்குறான். த்தூ."

டிரைவர் ஆசனம் உயரமானது. அதில் உட்கார்ந்தவனுக்கு ஊரில் நடக்கிற அசிங்கமெல்லாம் கண்ணாடி போட்டுக் காட்டப்படுகிறது. ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு வெறும் காற்றைப் பார்த்துச் சிரித்தபடி மோட்டார் சைக்கிளில் வருகிறவனை அவர் தினமும் பார்த்தார். ஹேண்டிலுக்கு மேலே போனைக் கட்டி வைத்து, நாடகம் பார்த்து, வளைவு திரும்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்ட ஆட்டோக்காரனை ஒருமுறை பார்த்தார். பிள்ளையை ரோட்டுப் பக்கம் நடக்கவிட்டு, போனை மட்டும் பத்திரமாக மலைப் பக்கக் காதில் வைத்துக்கொண்டு போகும் தாய்மாரைப் பார்த்தார். அப்படி ஒருத்திக்காகச் சட்டென்று பிரேக் அடித்தபோது அவள் திரும்பி, "பேசிக்கிட்டிருக்கிறது தெரியலையா?" என்று கேட்டாள். அவருக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

மாதா கோயிலும் தப்பவில்லை. பூசையில் சுவாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கிற நேரத்தில் குத்துப்பாட்டொன்று கிளம்பும். யாருடைய சட்டைப் பையிலிருந்து வருகிறதோ அவனே முதல் ஆளாகத் திரும்பி, எவன் இந்தப் பாவி என்று தேடுவான். துக்க வீடு இன்னும் மோசம். குவைத்தில் இருக்கும் மருமகளுக்குக் காட்டுகிறேன் என்று ஒருவன் பெட்டிக்கு மேலே போனை நீட்டி, "முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க" என்றான். அதை அவன் பிணத்திடம் சொன்னானா, பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர்களிடம் சொன்னானா என்பது அந்தோனிமுத்துவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அவர் பிறந்தது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில். தகப்பன் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியில் கிளீனர். மகன் அந்த லொறியிலேயே ஸ்டியரிங் பிடிக்கப் பழகி, பிறகு பஸ்ஸுக்கு வந்தார். அந்த நாட்களில் இதே ரோட்டில் பஸ்கள் பள்ளத்தில் விழத்தான் செய்தன. சாராயம் தள்ளியது, போட்டி ஓட்டம் தள்ளியது, சில சமயம் முன் ஆசனத்துக் காதலும் தள்ளியது. இதை யாராவது எடுத்துச் சொன்னால் அவரிடம் பதில் தயாராக இருக்கும்: "குடிச்சவனுக்கு நாம குடிச்சிருக்கோமேன்னு ஒரு பயமாவது இருந்துச்சு. போன்ல பேசுறவனுக்கு அதுவும் இல்லை." தன் கையில் ஒரு பஸ்ஸும் கீறல்கூடப் பட்டதில்லை என்பது அவருக்கிருந்த சொத்து. டிரைவர் என்றால் அந்தோனிமுத்து மாதிரி இருக்க வேண்டும் என்று முதலாளி விஜிதரன் மற்ற டிரைவர்களைத் திட்டும்போது சொல்வார். அதைக் கேட்காதது போல் கேட்டுக்கொண்டு நிற்பதில் அவருக்கு ஒரு சுகம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. போன் இல்லாத அந்தோனிமுத்துவுக்கு நாளொன்றுக்கு வருகிற அழைப்புகள், போன் வைத்திருக்கிற பலருக்கு வருவதில்லை. எல்லாம் கொண்டக்டர் சுமனின் போனுக்கு வரும். மனைவி இசபெல் அடிக்கடி போன் பண்ணி, "தம்பி, அவர்கிட்ட சொல்லுங்க" என்பாள். வரும்போது கருவாடு வாங்கி வர வேண்டும், மாதா சங்கத்துக் கூட்டம் நாளைக்கு, பிரஷர் மாத்திரையை வீட்டில் விட்டுப் போய்விட்டார், மாத்திரை கிடைத்துவிட்டது, அது சட்டைப் பையில்தான் இருக்கிறது, பார்க்கச் சொல்லுங்க. சுமன் ஒரு கையில் டிக்கெட் காசும் ஒரு கையில் போனுமாக முன்வாசலில் தொங்கிக்கொண்டு இதையெல்லாம் அஞ்சல் செய்வான். அந்தோனிமுத்து ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல் பதில் சொல்வார். அது அஞ்சலாகித் திரும்பப் போகும். தன் சட்டைப் பை சுத்தமாக இருக்கிறது என்ற நிம்மதியோடு அவர் கியர் மாற்றுவார்.

சுமன் முப்பது தாண்டியவன், வாயாடி, வேலை தெரிந்தவன். "அண்ணே, ஒரு போன் வாங்கிடுங்களேன். உங்க வீட்டுக் கறியில உப்புக் கூடிப் போனதுகூட எனக்குத்தான் முதல்ல தெரியுது" என்பான்.

"நான் அந்தச் சனியனைத் தொடமாட்டேன்."

"தொட வேணாம். நான் காதுல வச்சுப் புடிச்சுக்கிறேன். நீங்க பேசுங்க."

"பல்லைத் தட்டிருவேன்."

போன ஐப்பசியில், மழையும் மூடுபனியும் மாறி மாறி வந்த ஒரு காலையில்தான் அது நடந்தது. மகள் றொசானாவை முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இசபெல் அங்கே துணைக்கு இருந்தாள். அந்தோனிமுத்து லீவு எடுக்கவில்லை. அங்கே போய் ஆம்பிளை என்ன செய்வது, வெளியில் நின்று பிளேன்டீ குடிப்பதைத் தவிர என்று சொல்லிவிட்டு பஸ்ஸை எடுத்தார். எடுக்கும்போதே சுமனைக் கூப்பிட்டார்.

"வீட்டுக்காரி போன் பண்ணுவா. எந்நேரம் வந்தாலும் எடுத்துடு. விட்டுடாத."

"ஓடுற பஸ்சுல போன் எடுத்தா இறக்கி விட்டுருவேன்னு நேத்துத்தானே சொன்னீங்க?"

"அது உன் பொண்டாட்டி பண்ணினா. இது வேற."

ஹட்டனை நோக்கி இறங்கும் அந்த ரோடு, ஒரு பஸ்ஸுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்தது போன்றது. எதிரே இன்னொரு வாகனம் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். மேலே ஏறி வருகிறவனுக்கு வழிவிடுவது இந்தப் பக்கத்து மரியாதை. இறங்குகிறவன் அகலமான இடம் வரும்வரை பின்னுக்கு ஏற வேண்டும். அப்போது கொண்டக்டர் இறங்கிப் பின்னால் போவான். பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே கூட நடப்பான். தட்டுச் சத்தம் கேட்கிற வரைக்கும் வரலாம். நின்றால் நிற்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். கத்திச் சொன்னால் மழையில் கேட்காது, கையைக் காட்டினால் பனியில் தெரியாது. ஆனால் தட்டு, பஸ்ஸின் உடம்பு வழியாகவே டிரைவரின் முதுகுக்கு வந்துவிடும். இதில் பிழைக்கு இடமே இல்லை என்று அந்தோனிமுத்து நம்பினார். தட்டுகிறவன் மயங்கி விழுந்தாலும் தட்டு நின்றுவிடும், பஸ்ஸும் நின்றுவிடும் அல்லவா?

கோயில் வளைவுக்குக் கீழே ஒரு சுற்றுலா வேன் ஏறி வந்தது. பஸ்ஸில் நிற்கவும் இடமில்லாத கூட்டம். சுமன் இறங்கிப் பின்னால் ஓடினான். தட்டு ஆரம்பித்தது. பஸ் மெதுவாகப் பின்னுக்கு ஏறியது. இடது பக்கம் ரோட்டைத் தாங்கும் கல் கட்டு. அதற்குக் கீழே மரக்கறிப் பாத்தி, அதற்கும் கீழே லயத்துத் தகரக் கூரைகள்.

அப்போது சுமனின் போன் அடித்தது.

மழை விட்டுப் பனி மட்டும் இருந்த நேரம் என்பதால், திறந்த பின்வாசல் வழியாக அந்தச் சத்தம் அந்தோனிமுத்துவுக்கும் கேட்டது. கேட்டவுடன் அவர் கை தானாக எழுந்து காதுக்குப் பின்னால் குவிந்தது. இசபெல்தானா? ஆம்பிளைப் பிள்ளையா, பொம்பிளைப் பிள்ளையா? தட்டும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, ஒரே சீராக. அதனால் அவர் பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், பனிக்குள்ளும் அந்தக் கல் கட்டின் விளிம்பு தெரிந்திருக்கும்.

பின்னால் சுமன் வலது கையில் போனைக் காதில் வைத்து, "ஆ அக்கா, சொல்லுங்க... போத்தலா? எந்தப் போத்தல்?" என்று கேட்டுக்கொண்டு நடந்தான். சுடுதண்ணிப் போத்தலை இசபெல் வீட்டில் விட்டுவிட்டாள். அது மேசைக்கடியிலா, அடுப்பங்கரையிலா என்று அந்தோனிமுத்துவிடம் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். வருடக்கணக்காகத் தட்டிப் பழகிய சுமனின் இடது கை, அவனுடைய உத்தரவுக்குக் காத்திராமல் தகரத்தைத் தட்டிக்கொண்டே வந்தது. வாய் போத்தலில் இருந்தது, கண் போத்தலில் இருந்தது, கை மட்டும் வேலையில் இருந்தது. வா, வா, வா.

பஸ் ஒரு பக்கமாக இடுப்பொடிந்ததுபோல் சாய்ந்தது. பின் இடது சக்கரம் கல் கட்டைத் தாண்டி வெளியில் தொங்கியது. உள்ளே ஒரே அலறல். அந்தோனிமுத்து பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்தார். பின்வாசல் அந்தரத்தில் திறந்திருந்தது. முன்வாசல் மட்டும் ரோட்டின் மேல் இருந்தது.

"யாரும் பின்னுக்குப் போகாதீங்க!" என்று கத்தினார். "முன்னுக்கு வாங்க! முன்னால இறங்குங்க! மெதுவா!"

இந்த இடத்தில் மனித குலத்தைப் பற்றிய அவருடைய அபிப்பிராயம் நிரந்தரமாகக் கீழே இறங்கியது. அலறி முடித்த கூட்டத்தில் பாதிப் பேர் போனை எடுத்தார்கள். எடுத்தவர்கள், பள்ளம் நன்றாகத் தெரிகிற இடம் எது என்று பார்த்தார்கள். அது பின் கண்ணாடி. எனவே பின்னுக்குப் போனார்கள். தொங்குகிற பக்கத்துக்கே போனார்கள். பஸ் 'கிரீச்' என்று இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"பின்னுக்குப் போகாதீங்கடா! பாரம்!"

"இங்கதாண்ணே நல்லா தெரியுது" என்றான் ஒருவன், அவருக்கு உதவி செய்கிற குரலில்.

கிளினிக்குக்குப் போவதற்காக ஏறியிருந்த அம்மாக்கண்ணுதான் அந்தப் பஸ்ஸைக் காப்பாற்றினாள் என்று சொல்ல வேண்டும். மலையில் அரை ஆயுளைக் கழித்த பொம்பிளை. இந்த மேட்டிலிருந்து கூப்பிட்டால் அந்த மேட்டில் கேட்கிற குரல். அவள் ஆசனத்தின் மேல் ஏறி நின்று குடையைத் திருப்பிப் பிடித்தாள்.

"டேய், கீழ எங்க லயம் இருக்கு! என் வீட்டு முகட்டுல வந்து விழுந்து சாவப் பாக்குறீங்களா? வாங்கடா முன்னுக்கு!"

"லைவ்ல இருக்கேன் அம்மாயி, கொஞ்சம் இருங்க."

"இப்ப லைவ்ல இருக்கே. இன்னும் செத்த நேரத்துல இருக்க மாட்டே!" என்று சொல்லி அவன் மணிக்கட்டில் குடைக் காம்பால் ஒன்று வைத்தாள். போன் பின்வாசல் வழியாகப் பறந்து மரக்கறிப் பாத்தியில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவனுக்கு நிஜமாகவே பயம் வந்தது. போனைத் தேடி இறங்குவதற்காக முன்வாசலை நோக்கி ஓடினான். மற்றவர்களும் அம்மாக்கண்ணுவின் குடைக்குப் பயந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். இறங்கியவர்கள் ரோட்டில் நின்று, டிரைவர் இறங்குகிறாரா, பஸ்ஸோடு போகிறாரா என்பதைப் படம் பிடிக்கக் காத்திருந்தார்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தவருக்கு முன்பக்கக் கண்ணாடி வழியாக எதிரே தெரிந்ததெல்லாம் போன்களின் முதுகுகள்தான்.

தோட்டத்து டிரக்டர் வந்து, சங்கிலி போட்டு, பஸ்ஸை மேலே இழுத்தது. யாருக்கும் காயமில்லை. மரக்கறிப் பாத்தியில் நாலு முட்டைக்கோவா நசுங்கியிருந்தது, அவ்வளவே.

பஸ் ஹட்டனுக்கு வந்து சேருமுன் வீடியோ வந்து சேர்ந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த தேத்தண்ணிக் கடையில் விஜிதரன் காத்திருந்தார். போனை அந்தோனிமுத்துவின் முகத்துக்கு நேரே பிடித்தார். ஏறி வந்த சுற்றுலா வேனில் யாரோ முன்னாலிருந்து எடுத்தது. பஸ் பின்னுக்குப் போகிறது. ஓட்டுகிற அந்தோனிமுத்து தலையைச் சாய்த்து, கையைக் காதில் வைத்திருக்கிறார். அடுத்த நொடி பஸ் சாய்கிறது. மேலே கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு: 'போன் பேசியபடி பஸ்ஸைப் பள்ளத்தில் விட்ட சாரதி'. கீழே நூற்றுக்கணக்கானவர்கள் வந்து அவரையும் அவரைப் பெற்றவர்களையும் விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒரு கீறல் இல்லாத பெயர். அதை, அவர் தொட்டே அறியாத ஒரு சாமான், தன்னைத் தொட்டார் என்று சொல்லியே கொண்டுபோய்விட்டது.

"அண்ணே, உங்களை எனக்குத் தெரியாதா?" என்றார் விஜிதரன். "பொலிசு லைசென்ஸைப் பத்திக் கேக்குறதுக்கு முன்னாடி நாம முந்திக்கணும். பின்னால தட்டுனவன் சுமன்தானே? அவன் போன்ல இருந்ததை நாலு பேர் பாத்திருக்காங்க. அவனை இப்பவே வேலையிலிருந்து நிப்பாட்டிருவோம். நீங்க இந்தா இப்படி நின்னு, என்கிட்ட போனே இல்லைங்க, தப்பு கொண்டக்டருதுன்னு கும்பிட்டுச் சொல்லுங்க. நானே வீடியோ எடுத்துப் போடுறேன். பேரு திரும்பிடும்."

சுமன் கடைக்கு வெளியே பஸ்ஸின் பின் சக்கரத்தருகே நின்றான். இந்த வேலையும் போனால் தோட்டத்தில் புல்லு வெட்டத்தான் போக வேண்டும். அது அவனுக்கும் தெரியும், அவனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தோனிமுத்துவுக்கும் தெரியும்.

விஜிதரன் போனை உயர்த்திப் பிடித்தார். "சொல்லுங்கண்ணே. கொஞ்சம் சிரிக்காம இருங்க."

அந்தோனிமுத்து அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். சொன்னால் எல்லாம் உண்மைதான். போன் இல்லை. பேசியது கொண்டக்டர். இதைவிடச் சுத்தமான உண்மை கிடைக்காது. வாயைத் திறந்தார். ஆனால் வந்தது வேறு.

"அதை இறக்குங்க முதலாளி. போனை எடுத்தது அவன். வந்தது எனக்கு."

"என்னது?"

"என் வீட்டுக்காரிதான் போன் பண்ணினா. விடாம எடுடான்னு சொன்னது நான். மகள் ஆஸ்பத்திரியில."

"சரி. அப்ப நீங்க ஏன் காதுல கையை வச்சீங்க?"

"மணி கேட்டுச்சு. இசபெல்தானான்னு..."

விஜிதரன் போனில் அந்தத் தலைப்பை இன்னொரு முறை வாசித்தார். அவர் கெட்ட மனிதரல்ல. கணக்குச் சரியாக வந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுகிற பழக்கம்தான் கெட்டது.

"அப்ப அவனுங்க போட்டது சரிதானேண்ணே? நீங்க போன்லதான் இருந்திருக்கீங்க. போன் அவனோடது, காது உங்களோடது."

எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த அந்தோனிமுத்து பிளேன்டீக் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொலிஸ் எச்சரித்து விட்டது. சுமனை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்தோனிமுத்துவையும் நிறுத்த வேண்டும், இரண்டு பேருக்கு ஒரே நாளில் ஆள் எங்கே கிடைக்கும்? பேத்தி பிறந்த செய்தி அன்று சாயந்தரம் வந்தது, சுமனின் போனில்தான். அவன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு, நின்ற பிறகுதான் வாயைத் திறந்தான். பெயர் மட்டும் திரும்பவில்லை. அந்த வீடியோ இன்னும் எங்கெங்கோ சுற்றுகிறது. அவரை முன்பின் அறியாத ஊர்களில் அவர் போன் பேசும் டிரைவர்.

விஜிதரன் ஒரு சட்டம் போட்டார். பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கும்போது கொண்டக்டரிடம் போன் இருக்கக் கூடாது. இறங்குமுன் அதை டிரைவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தோனிமுத்து மறுத்துப் பார்த்தார், பெட்டியில் போடு என்றார், பயணி யாரிடமாவது கொடு என்றார். சாமான் களவு போனால் யார் பொறுப்பு என்று விஜிதரன் கேட்டார். ஆக, போனைத் தொடாத அந்த மனிதர்தான் இப்போது ஒவ்வொரு முறை பின்வாங்கும்போதும் மடியில் ஒரு போனை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். சுமன் அதை நீட்டும்போது, செத்த எலியை உடுத்திய சாரத்தின் நுனியால் எடுப்பது போல், அவர் முகம் துடைக்கும் லேஞ்சியை விரித்து வாங்கிக்கொள்கிறார்.

நேற்றும் ஒரு வேன் எதிரே வந்தது. சுமன் பின்னால் போய்த் தட்ட ஆரம்பித்தான். பஸ் பாதி வழி ஏறியிருக்கும்போது மடியில் போன் துடித்து, பெரிய சத்தத்தில் பாட ஆரம்பித்தது. போன் கண்ணாடியில் இசபெல் படம். அந்தப் பாட்டில் தட்டு மூழ்கிப் போனது. தட்டு கேட்கவில்லை என்றால் நிற்க வேண்டும். அந்தோனிமுத்து நிறுத்தினார். ரோட்டின் நட்ட நடுவில், ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல்.

"டிரைவரண்ணே, அதை எடுங்க, இல்லாட்டிக் கட் பண்ணுங்க" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

எப்படிக் கட் பண்ணுவது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதாகவும் இல்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி, வேட்டியில் சாணி பட்டவனின் முகத்தோடு, பாட்டு ஓயும்வரை காத்திருந்தார். ஓய்ந்தது. கிளட்சை மிதித்தார். இசபெல் மறுபடி போன் பண்ணினாள். மறுபடி காத்திருந்தார். கீழே வேன்காரன் ஹோர்னை அமுக்கிப் பிடித்தான், அவனுக்குப் பின்னால் வந்து சேர்ந்த கொழுந்து லொறியும் சேர்ந்துகொண்டது. வேனின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, படம் எடுக்கப் போனை அவர் பக்கமாகப் பிடித்தது.